ஏழு படியும் பின்வளவுச் சரிவும்

கட்டடக் கலைஞர் பிரியந்தினி தம்பிராசா தன்னிடம் வீடு கட்ட வருபவர்களிடம் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தத்தின் முதற் பக்கம் இப்படித் தொடங்குகிறது: “கட்டடக் கலைஞர் என்பவர் வரைபடத்தின் முதற் கோடு தொடக்கம் கட்டடம் கையளிக்கப்படும் நாள் வரை திட்டத்தின் தலைமைப் பொறுப்பை வகிப்பவர். தளத்தில் அவரது கட்டளையே இறுதியானது. அவர் ஐயத்துக்கு இடமின்றித் தீர்மானித்து, உறுதியான குரலில் அறிவுறுத்தி, உரிமையாளரையும் ஒப்பந்தக்காரரையும் தொழிலாளரையும் ஒரே திசையில் வழிநடத்துவார்.”

இதை எழுதியவர் யாரென்று தெரியவில்லை. பிரியந்தினியைப் பார்த்து எழுதியவர் அல்லர் என்பது மட்டும் நிச்சயம்.

அவருடைய குரல் கொன்கிறீற் மெசின் ஓடாதபோதே அரைவாசிதான் கேட்கும். ஏணியில் இடுப்பளவுக்கு மேல் ஏறமாட்டார். தலை சுற்றும். கூரை வேலையைக் கீழே நின்று, மேசன் தொலைபேசியில் எடுத்துக் காட்டும் படங்களைப் பார்த்துத்தான் சரிபிழை சொல்வார். கட்டளை என்று அவர் வாயிலிருந்து எதுவும் வந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. எவர் எதைக் கேட்டாலும் “ஓம், பாப்பம்” என்பார். மொறட்டுவையில் படித்துக் கொழும்பில் பெரிய கட்டடங்களுக்கு வேலை செய்துவிட்டு வந்தவரை இணுவில் ஆட்கள் “பிளான் கீறுற பிள்ளை” என்றுதான் சொல்கிறார்கள். அதற்கும் அவர் ஓம் என்கிறார்.

அவர் பிறந்து வளர்ந்தது அளவெட்டியில். வீட்டுக்கு ஒரு பக்கத்தில் தவில்காரர் ஒருவர். மற்றப் பக்கத்தில் அவருடைய மருமகன், அவரும் தவில்காரர். இரண்டு பேரும் சாதகத்தில் இருக்கும்போது அந்த வீட்டில் ஒருவர் மற்றவரிடம் உப்பைக் கேட்பதுகூட வீண்வேலை. சத்தம் ஓயும்வரை பொறுத்திருந்து, ஓய்ந்தபின் சொல்லவேண்டியதைச் சொல்லும் பழக்கம் அங்கேதான் வந்தது. பல்கலைக்கழகத்தில் இதைக் கற்பிப்பதில்லை.

இணுவிலில் பாலேஸ்வரியின் சீதன வளவில் வீடு கட்டுவதற்காக அவரை அழைத்தார்கள். காசு மகன் கோபிசங்கருடையது. அவர் ரொறன்ரோவில் இருக்கிறார். கருத்துகள் பாலேஸ்வரியின் கணவர் சீவரத்தினத்துடையவை. அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், வரிசையில் நிற்பவர்களுக்குச் சொல்வதுபோலவே இன்னமும் பேசுவார். முதல் நாளே அவர் சாமியறை எங்கே, விறாந்தை எவ்வளவு, தூண் எத்தனை என்று பேசத் தொடங்கினார். கோபிசங்கர் தொலைபேசித் திரையிலிருந்து அவருக்கு மேலாகப் பேசினார். பிரியந்தினி தேநீரைக் குடித்து முடித்தார். இரண்டு பேரும் மூச்சு வாங்கிய இடைவெளியில் பாலேஸ்வரியிடம் திரும்பி, உங்களுக்கு என்ன வேணும் அன்ரி என்று கேட்டார்.

“உவையள் சொல்லுறதெல்லாத்தையும் கீறுங்கோ பிள்ளை,” என்றார் பாலேஸ்வரி. “எனக்கு ஒண்டுதான். கட்டிலாலை எழும்பிக் குசினிக்குப் போகவேணும். குசினியாலை கிணத்தடிக்குப் போகவேணும். ஒருத்தற்றை கையையும் பிடிக்காமல்.”

“அப்ப நான் என்னத்துக்கு இருக்கிறன்?” என்றார் சீவரத்தினம்.

“அதைத்தான் நானும் கலியாணம் கட்டின நாள் தொட்டு யோசிக்கிறன்.”

பாலேஸ்வரிக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. பழைய வீட்டின் பின்கதவில் உயரமான படிகள். கிணற்றடிக்குப் போவதென்றால் சீவரத்தினம் கை கொடுக்கவேண்டும். சீவரத்தினம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தால் எழும்புவது அவருடைய சுதந்திரம். போன வருடம் பாலேஸ்வரி பொறுமை கெட்டுத் தனியே இறங்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் மகனிடமிருந்து சட்டம் வந்தது: கிணற்றடி வேண்டாம், குளியலறையில் வாளியில் குளிக்கவேண்டும், இன்னொருமுறை விழுந்தால் ரொறன்ரோவுக்கு வந்துவிட வேண்டும். பாலேஸ்வரி ஒரு பனிக்காலம் அங்கே இருந்தவர். கிணற்றுக்குள் விழுவது அதைவிட மேல் என்பது அவருடைய அபிப்பிராயம். ஆகவே புது வீடு அவரை வெளியே விடுமா, உள்ளே பூட்டுமா என்பதுதான் கேள்வி. மற்றவர்களுக்குக் கேள்வி வேறு.

மற்றவர்களுடைய கேள்வி மதிலுக்கு அப்பால் இருந்தது. அங்கே சோமசேகரம் இருக்கிறார். பாலேஸ்வரியின் பெரியப்பா மகன். ஒரே பரம்பரை வளவு இரண்டாகப் பிரிந்தது. ஒரு வருடம் கிளுவை வேலியைப் புதிதாக அடைத்தபோது, வேலி ஒரு விரற்கடை தங்கள் பக்கம் நகர்ந்துவிட்டது என்று சீவரத்தினம் சொல்ல, வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு வருமுன் வேலியைக் கறையான் தின்றுவிட்டது. பிறகு இரு பகுதியும் ஆளுக்குப் பாதி போட்டு, ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசாமல், நல்ல மதில் ஒன்று கட்டினார்கள். பேச்சு இல்லாத ஒத்துழைப்பில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

சோமசேகரத்தின் மகள் நோர்வேயிலிருந்து போன வருடம் அவருக்குப் புது வீடு கட்டிக் கொடுத்தார். முன்வாசலில் ஐந்து படி. கோபிசங்கருக்கு அதைவிட உயரம் வேண்டும். வாசற்படி ஒற்றை எண்ணில் இருக்கவேண்டும் என்பது சாத்திரம். ஆகவே ஐந்தை ஆறால் வெல்ல முடியாது, ஏழால்தான் வெல்லலாம். இணுவிலில் வெள்ளம் வருவதில்லையே, இவ்வளவு உயர்த்த அவசியம் இல்லையே என்று பிரியந்தினி மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

“அக்கா, நான் வெள்ளத்தைப் பற்றிக் கதைக்கேல்லை,” என்றார் கோபிசங்கர்.

“ஓம், பாப்பம்,” என்றார் பிரியந்தினி.

வரைபடம் தயாரானது. முன்பக்கத் தோற்றத்தைக் கலரில் போட்டு அனுப்பியதும் அது குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவில் உலகம் சுற்றியது. லண்டன் சித்தி இன்னும் இரண்டு தூண் கேட்டார். ஜேர்மனியில் இருக்கும் ஒருவர் தூணுக்கு மேல் சிங்கம் கேட்டார். சிங்கம் பற்றி நாலைந்து நாள் அரசியல் விவாதம் நடந்து, கடைசியில் தாமரை என்று முடிந்தது. எல்லாவற்றுக்கும் பிரியந்தினி ஓம் என்றார். தூண்கள் வந்தன; சுவருக்குள் பாதி புதைந்து, வெளியே பாதி தெரிகிற தூண்கள். கேட்டவர்களுக்குத் திருப்தி, நடப்பவர்களுக்கு இடம். பின்பக்கத் தோற்றத்தையும் அவர் அதே குழுவில் போட்டார். அதை ஒருவரும் திறக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வீட்டின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் வீட்டுக்காரரும் சொந்தக்காரரும் வருவதும் போவதும் அந்த வழியால்தான்.

அந்தப் படத்தில், கிணற்றடியிலிருந்து குசினி வாசல் வரைக்கும் நிலம் மெல்ல மெல்ல உயர்ந்து போனது. முன்னால் ஏழு படி ஏறவேண்டிய வீடு, பின்னால் நிலத்தோடு நிலம். பிரதேச சபை அதற்கு முத்திரை குத்தியது. பிரியந்தினி எதையும் ஒளிக்கவில்லை.

படத்தைத் திறந்து பார்த்த ஒரே ஆள், வேலையை ஒப்பந்தமெடுத்த குருநகர் மேசன் சிமியோன்.

“மிஸ், பின்னுக்கு ஒரு மலை கிடக்குது.”

“ஓம்.”

“மண் ஆர் தாறது?”

“பாப்பம்.”

மண்ணுக்கான தொகையை மதிப்பீட்டிலிருந்து கோபிசங்கர் வெட்டிவிட்டார். பின்வளவில் மண் கொட்டுவதற்காகத் தான் பனிக்குள் வேலைக்குப் போகவில்லை என்றும், அம்மாவுக்குப் பின்னாலும் படி கட்டி ஒரு கம்பி பூட்டிவிட்டால் போதும் என்றும் சொன்னார். இது திரையில் சொல்லப்பட்டபோது பாலேஸ்வரி பக்கத்தில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். இலையோடு காம்பும் சேர்ந்து சட்டிக்குள் போனது.

நாள் பார்த்து அத்திவாரக் கல் வைத்தார்கள். நாள் பார்த்து வாசல் நிலை வைத்தார்கள். ரொறன்ரோவில் அப்போது எந்த நேரம் என்பதைச் சாத்திரியார் கணக்கில் எடுக்காததால், கோபிசங்கர் போர்வையோடு திரையில் தோன்றி, நிலைக்குப் பூமாலை சரியாக விழவில்லை என்று குறை சொன்னார். பிரியந்தினி ஒவ்வொரு நாளும் வந்தார். கம்பி கட்டியதைக் குனிந்து பார்த்தார், சிமெந்துக் கலவையைக் கையில் எடுத்துப் பார்த்தார், அரிந்து காயவிட்ட சிமெந்துக் கற்களில் ஒன்றைத் தூக்கி நிலத்தில் போட்டுப் பார்த்தார். உடைந்தால் சிமியோனைத் திட்டமாட்டார். உடைந்த துண்டுகளை அவர் சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் அழகாக அடுக்கிவிட்டுப் போவார். அடுத்த நாள் கற்களில் சிமெந்து கூடியிருக்கும்.

வீடு உயர்ந்தது. பழைய வீட்டில் இடித்தது போக மிஞ்சிய ஓர் அறையில் இருந்தபடி பாலேஸ்வரி தன் குசினி வாசலைப் பார்த்தார். அது அவருடைய நெஞ்சளவில் இருந்தது.

“இது என்ரை குசினியோ, மேல்வீடோ?” என்று கேட்டார்.

“மண் வரும் அன்ரி.”

“எங்கையிருந்து?”

பிரியந்தினி இந்த முறை பாப்பம் என்று சொல்லவில்லை. பாப்பம் என்றால் என்னவென்று பாலேஸ்வரிக்குத் தெரியும். அதில் நம்பிக்கை உண்டு. சொல்லாமல் விட்டதுதான் அவரைப் பயப்படுத்தியது. வெளியிலிருந்து லொறியில் மண் எடுப்பதற்கு அனுமதியும் வேண்டும், காசும் வேண்டும். இரண்டும் இல்லை. தை மாதம் புது வீட்டுக்குக் குடிபூரல் என்று கோபிசங்கர் விமானச் சீட்டும் எடுத்துவிட்டார். சிமியோன், பின்படிக்குப் பலகை அடிக்கட்டோ என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

முன்வாசல் ஏழாவது படியின் பலகையைக் கழற்றிய அன்று சோமசேகரம் வீடுகளுக்கு முன்னால் போகும் ஒழுங்கைக்கு வந்து நின்று எண்ணினார். பிறகு வீட்டுக்குள் போய்விட்டார். கட்டி முடித்த வீட்டை உயர்த்த முடியாது. ஆனால் முற்றத்தைத் தாழ்த்தலாம். அடுத்த கிழமை அவருடைய முன்முற்றத்துக்குள் மண் வெட்டும் மெசின் இறங்கியது. ஐந்து படிக்குக் கீழே இன்னும் நாலு, மொத்தம் ஒன்பது.

வெட்டிய செம்மண் ஒழுங்கையில் குன்றாய்க் குவிந்தது. பள்ளிக்கூட வான் திரும்ப முடியவில்லை. பிரதேச சபை அகற்றச் சொன்னது. இணுவில் செம்மண்ணுக்கு ஆள் இல்லாமலா? தோட்டக்காரர் பலர் வந்து கேட்டார்கள். சோமசேகரம் எவருக்கும் கொடுக்கவில்லை. பரம்பரை மண்ணாம், வெளியே போகக்கூடாதாம்.

பிரியந்தினி அவரிடம் போனார். சோமசேகரம் அவரை இருக்கச் சொல்லாமலே பேசத் தொடங்கினார்: பிரதேச சபை பற்றி, வான்காரன் பற்றி, மதிலுக்கு அப்பால் இருப்பவர்களின் தூண்கள் பற்றி, கனடாக் காசு பற்றி. பிரியந்தினி நின்றார். பேச்சு ஒருகட்டத்தில் தேய்ந்து நின்றது.

“ஐயா, முத்தத்தை இப்பிடி வெட்டினால் மழைக்குத் தண்ணி நிக்கும். ஒரு வாய்க்கால் விட்டால் நல்லது.”

“நீங்கள் அந்த வீட்டுக்குப் பிளான் கீறுங்கோ பிள்ளை. இது என்ரை முத்தம்.”

“ஓம். மண்ணை என்ன செய்யப் போறியள்?”

“வெளியாலை குடுக்கமாட்டன்.”

“வெளியாலை இல்லை ஐயா. மதிலுக்கு அங்காலை. அதுவும் உங்கடை அப்பப்பான்ரை வளவுதானே.”

சோமசேகரம் இந்த வாதத்தில் ஓட்டை தேடினார். அது கிடைக்காததால் நிபந்தனை போட்டார்: சீவரத்தினம் வந்து தன் வாயால் கேட்கவேண்டும்.

பிரியந்தினி போய் அதை அப்படியே சொன்னார். சீவரத்தினத்துக்கு வந்த கோபம் ஒழுங்கை திரும்பும் முடங்கு வரைக்கும் கேட்டது. தன்னிடமிருந்து ஒரு விரற்கடை நிலத்தை எடுத்தவனிடம் தான் மண்ணுக்குக் கை நீட்டுவதா என்றார். வழக்கின் முழு வரலாற்றையும் ஒருமுறை சொன்னார். உயிர் போனாலும் கேட்கமாட்டேன் என்றார். பிரியந்தினி பழைய அறையின் வாசலில் இருந்து வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். கட்டளை எதுவும் பிறப்பிக்கவில்லை.

பாலேஸ்வரி எழும்பினார். அரிந்த கல் அடுக்கைப் பிடித்துப் பிடித்து மதிலடிக்குப் போனார்.

“சோமண்ணை.”

மதிலுக்கு அந்தப் பக்கம் தும்புத்தடியால் கூட்டும் சத்தம் நின்றது. “என்ன பாலு?”

“எனக்குக் கிணத்தடிக்கு வழி வேணும். உந்த மண்ணைத் தாங்கோ.”

“அவன் கேக்கட்டும்.”

“அவருக்கு முழங்கால் நல்லாய்த்தான் இருக்கு. மண் எனக்கு.”

கூட்டும் சத்தம் மறுபடி தொடங்கியது.

அடுத்த நாள் காலை ரக்ரர் வந்தது, பின்னால் இழுத்த பெட்டி நிறைய மண்ணோடு. மண்ணுக்குப் பின்னால் சோமசேகரமும் வந்தார். மண்ணைச் சாட்டி மதிலைத் தள்ளிவிடாமல் பார்ப்பதற்காக வந்ததாகச் சிமியோனிடம் சொன்னார், சீவரத்தினத்தைப் பார்க்கவில்லை. ஒரு விரற்கடை மண்ணுக்காக நீதிமன்றப் படி ஏறி இறங்கியவர், பெட்டி பெட்டியாகத் தன் வளவைக் கொண்டுவந்து பகையாளியின் வளவில் கொட்டிவிட்டு, நன்றாக மிதிக்கும்படி கூலியாட்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். தன் மண்ணில்லாமல் இவர்களால் நிமிர முடியவில்லை என்பது அவருடைய மகிழ்ச்சி. சீவரத்தினமோ, எடுத்ததை வட்டியோடு தந்துவிட்டான், வழக்கு வென்றாயிற்று என்று சந்தியில் சொல்லிக்கொண்டு திரிந்தார். இருவரும் வென்ற வழக்கு இணுவிலில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

சரிவை அமைப்பது சும்மா மண் கொட்டும் வேலை அல்ல. கொஞ்சம் போட்டு, தண்ணீர் தெளித்து, இடித்து, அதன்மேல் மறுபடி போடவேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையோடு கீழே இறங்கிவிடும். பிரியந்தினி வேறு தளங்களுக்குப் போகாமல் இங்கேயே நின்றார். குசினி வாசலுக்குக் கிட்ட ஓரிடத்தில் சரிவு கூடிச் செங்குத்தாகிவிட்டது. இது போதும் மிஸ், ஆட்டுக்குட்டியும் ஏறும் என்றார் சிமியோன். பிரியந்தினி ஓம் என்றார். பிறகு பாலேஸ்வரியைக் கூப்பிட்டு, தான் கூடவே நடந்து, ஏறிப் பார்க்கச் சொன்னார். பாலேஸ்வரி அந்த இடத்துக்கு வந்ததும் நின்று, பிரியந்தினியின் கையைத் தேடினார். சிமியோன் அதைப் பார்த்தார். அவரே மண்வெட்டியை எடுத்து வெட்டி, சரிவைக் கிணற்றடிப் பக்கம் இன்னும் நீட்டினார். மேலே சிமெந்து பூசியபோது, ஈரக்கால் வழுக்காதபடி விளக்குமாற்றால் கோடு கோடாக இழுக்கச் செய்தார் பிரியந்தினி. அழகில்லை என்றார் சீவரத்தினம்.

மழை வந்தது. சரிவு அசையவில்லை. சோமசேகரம் தன் பள்ளமான முற்றத்துக்கு இடைவெளியில்லாமல் சிமெந்துக் கல் பதித்திருந்தார்; தண்ணீர் போக வழியில்லை. கீழ்ப்படிகள் தண்ணீருக்குள் போயின. தண்ணீருக்குள் இருந்தாலும் படி படிதான் என்று அவர் தபாற்காரரிடம் வாதாடினார். தபாற்காரர் மதிலுக்கு மேலால் கடிதத்தை நீட்டிவிட்டுப் போனார்.

தையில் குடிபூரல். கோபிசங்கர் வந்தார், மேலே பறந்து படமெடுக்கும் பொறியோடு படப்பிடிப்பாளர் ஒருவரும் வந்தார். முன்வாசலில் எல்லாரும் கூடினார்கள். ஐயர் நல்ல நேரம் தொடங்கிவிட்டது என்றார். முதலில் பசுவும் கன்றும் உள்ளே போகவேண்டும்.

பசு ஏழு படியையும் நிமிர்ந்து பார்த்தது. நின்றுவிட்டது.

இழுத்தார்கள். பின்னால் தள்ளினார்கள். வாழைப்பழம் காட்டினார்கள், பழத்தைத் தின்றது, ஏறவில்லை. சீவரத்தினம் பசுவுக்கு அறிவுறுத்தல்கள் வழங்கினார். அது முதற் படியில் சாணம் போட்டது. மங்களகரம் என்றார் ஐயர், ஆனால் நேரம் போகிறது என்றும் சொன்னார். கோபிசங்கர், படமெடுப்பதை நிறுத்தும்படி சைகை காட்டினார்.

பிரியந்தினி கூட்டத்தின் ஓரத்திலிருந்து வந்து பசுவைப் பிடித்திருந்தவரிடம் ஏதோ சொன்னார். அவர் கயிற்றைத் திருப்பினார். பசு வீட்டைச் சுற்றிப் பின்வளவுக்குப் போய், கிணற்றடியைத் தாண்டி, ஏதோ நாள்தோறும் வந்து போகும் வீடுபோலச் சரிவில் ஏறி, குசினிக்குள் நுழைந்தது. கன்று பின்னால் ஓடியது. கன்றுக்குப் பின்னால் ஐயர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். குசினி வழியாக வந்தால் லட்சுமி கூடுதலாகத் தங்குவாள் என்று வாசலில் நின்று அறிவித்தார். சாத்திரத்தில் இது எங்கே இருக்கிறது என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை.

கோபிசங்கர் சரிவின் நடுவில் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

“அக்கா, இது எப்ப வந்தது?”

“பிளானிலை இருந்தது. குறூப்பிலையும் போட்டனான்.”

“மண்?”

“சோமு மாமான்ரை.”

அவர் மதிலைப் பார்த்தார். பிறகு இந்தப் பக்கத்தை மட்டும் எடுக்கவேண்டாம் என்று படப்பிடிப்பாளரிடம் சொன்னார். மத்தியானத்துக்குள் விருந்தினர் எல்லாரும் பின்பக்கத்தாலேயே வந்து போனார்கள். முன்படிகளில் படம் எடுப்பவர்கள் மட்டும் ஏறி நின்றார்கள். சோமசேகரமும் வந்தார், பின்பக்கத்தால். தன் மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்து, தலையாட்டி, இரண்டு தரம் பாயாசம் குடித்துவிட்டு, சீவரத்தினத்தோடு பேசாமல் போனார்.

ஆட்கள் கலைந்தபின் சீவரத்தினம் வழமைபோல் படுத்தார். பாலேஸ்வரி துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தார். கோபிசங்கர் எழும்பி ஓடிப்போய்க் கை நீட்டினார். அவர் அந்தக் கையில் சவர்க்காரப் பெட்டியைக் கொடுத்தார். பிறகு யோசித்து, அதையும் திருப்பி வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

குசினி வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடுவே மண் நிரவி, ஈரக்கால் வழுக்காத ஒரு வழியைப் பிரியந்தினி போட்டுக் கொடுத்தார். பாலேஸ்வரி அதன் வழியே தனியே போய்க் குளித்துவிட்டு வருகிறார்.